கொடுத்தது மைனஸ் 5, கேட்பது மைனஸ் 14: வைஸில் ஒலியின் பிராப்பர்ட்டியை எங்கே மாற்றுவது?

வாசகர் கேள்வி: யூனிட்டியில் (கேம் உருவாக்கும் மென்பொருள்) ஒரு சிறிய ஹாரர் கேம் செய்கிறேன். ஒலிக்கு வைஸ் (Wwise, கேம் ஒலிகளை அடுக்கிக் கேமோடு இணைக்கும் மென்பொருள்) பயன்படுத்துகிறேன். காலடிச் சத்தம் மட்டும் 60 கோப்புகள்: சிமென்ட், மரம், புல், சரளை, தண்ணீர் என்று ஐந்து தரைக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் வால்யூம் மைனஸ் 5 வைத்தேன். கேமில் அதைவிட மிகவும் அடங்கிக் கேட்கிறது. இடையிடையே சில அடிகள் சின்னப்பிள்ளை ஓடுவதுபோல் கீச்சென்று வருகின்றன. மரத்தரையில் பேய் எவ்வளவு தூரத்தில் நடந்தாலும் காதருகே நடப்பதுபோலவே இருக்கிறது. அறுபதையும் மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டுமா?

பதில்: வேண்டாம். இன்னொரு முறை அறுபதையும் தொட்டால் சிக்கல் கூடத்தான் செய்யும். உங்கள் மூன்று குறைகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. யூனிட்டியின் ஆடியோ சோர்ஸில் வால்யூமை 0.5 என்று வைத்தால் அது அந்தப் பொருளுக்கான மதிப்பு, அதோடு முடிந்தது. அதே பழக்கத்தோடு வைஸுக்கு வருபவர்கள், பிராப்பர்ட்டி எடிட்டரில் (வால்யூம், பிட்ச் போன்ற அமைப்புகளை, அதாவது பிராப்பர்ட்டிகளை, மாற்றும் இடம்) தெரியும் எண்தான் கேமில் கேட்கும் அளவு என்று நினைத்துவிடுகிறார்கள். வைஸில் ஓர் ஒலி தனியாள் இல்லை. அதற்கு மேலே பெற்றோர் உண்டு, பெற்றோருக்கும் பெற்றோர் உண்டு.

காலடிச் சத்தங்களைப் பெரும்பாலும் இப்படித்தான் அடுக்குவார்கள்: மேலே ஓர் ஆக்டர்-மிக்சர் (பல ஒலிகளுக்குப் பொதுவான அமைப்பை வைக்கும் படி; புதிய பதிப்புகளில் இதன் பெயர் பிராப்பர்ட்டி கன்டெய்னர்), அதன் கீழ் தரையைப் பொறுத்து மாறும் ஸ்விட்ச் கன்டெய்னர், அதன் கீழ் தரைக்கு ஒன்றாக, தற்செயலாக ஓர் ஒலியைத் தேர்ந்து ஒலிக்கும் ரேண்டம் கன்டெய்னர்கள், அவற்றுக்குள் ஒலிகள். உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். வால்யூம், பிட்ச் (சுருதி), லோ-பாஸ் ஃபில்டர் (கீச்சுப் பகுதியை மழுக்குவது), ஹை-பாஸ் ஃபில்டர் (கனத்த பகுதியைக் குறைப்பது) ஆகியவை இந்த வரிசையில் மேலிருந்து கீழே கூட்டப்பட்டுக்கொண்டே வரும். தாத்தா வாங்கிய கடனும் அப்பா வாங்கிய கடனும் பேரன் தலையில் சேர்ந்து விழுவதுபோல.

கணக்காகவே பார்ப்போம். ஆக்டர்-மிக்சரில் மைனஸ் 4 டெசிபெல், ஸ்விட்ச் கன்டெய்னரில் 0, சிமென்ட் ரேண்டம் கன்டெய்னரில் மைனஸ் 3, உங்கள் ஒலியில் மைனஸ் 5 என்று வையுங்கள். மொத்தம் மைனஸ் 12. ஒலி போய்ச் சேரும் பஸ்ஸில் (பல ஒலிகள் ஒன்றுசேர்ந்து வெளியேறும் பாதை) யாரோ மைனஸ் 2 வைத்திருந்தால் மைனஸ் 14. மைனஸ் 5 என்றால் அலையின் உயரம் பாதிக்குச் சற்று மேலே நிற்கும். மைனஸ் 14 என்றால் ஐந்தில் ஒரு பங்குதான். 'அடங்கிக் கேட்கிறது' என்று நீங்கள் எழுதியதற்கு இப்படி ஒரு கூட்டல்தான் காரணமாக இருக்கும்.

ஊகத்தில் எண்ணைத் தேடாதீர்கள். கேம் ஓடும்போது ஒலிகளைக் கண்காணிக்கும் புரொஃபைலரைத் திறந்து, கேமோடு இணைத்து, கேப்சர் (பதிவு) ஓடவிட்டு, வாய்ஸ் இன்ஸ்பெக்டரைப் பாருங்கள். ஒலித்துக்கொண்டிருக்கும் ஒரு காலடியின் வால்யூமுக்கு எந்தெந்தப் படி எவ்வளவு சேர்த்தது என்று அங்கே பிரித்தே காட்டும். கேம் அனுப்பும் ஆர்டிபிசி (கேமில் நடப்பதற்கேற்ப ஒலியின் பிராப்பர்ட்டியை மாற்றும் எண்) ஏதாவது வால்யூமைக் குறைத்துக்கொண்டிருந்தால் அதுவும் அங்கே அகப்படும்.

அடுத்து, கீச்சுக் குரல். பிட்ச் சென்ட் கணக்கில் அளக்கப்படுகிறது: 100 சென்ட் ஓர் அரைச்சுரம், 1200 சென்ட் ஒரு முழு ஸ்தாயி. பிராப்பர்ட்டியின் பக்கத்தில் இருக்கும் ராண்டமைசர் குறியை இரட்டைக் கிளிக் செய்து, கீழ் எல்லை, மேல் எல்லை கொடுத்தால் ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் அந்த எல்லைக்குள் ஓர் எண் சேரும். ராண்டமைசர் இயங்கினால் குறி மஞ்சளாக மாறும். உங்கள் அடுக்கில் இந்த மஞ்சள் குறி ஒரே கிளையில் இரண்டு படிகளில் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை இது அடிக்கடி நடக்கும்: முதலில் ஒலிகளில் 150 சென்ட் மேலும் கீழும் கொடுப்போம், பிறகு கன்டெய்னரிலும் 200 கொடுத்துவிட்டு முன்னதை மறந்துவிடுவோம். இரண்டும் கூடும். ஓர் அடி 350 சென்ட் வரை ஏறலாம். அதாவது கோப்பு 1.22 மடங்கு வேகத்தில் ஓடும், சத்தம் மெலிந்து குறுகும்.

'சில அடிகள் மட்டும்' என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் என்னை இந்தப் பக்கம் திருப்பியது. இரண்டு தற்செயல் எண்களைக் கூட்டினால் விடை பெரும்பாலும் நடுவில்தான் விழும், ஓரத்துக்கு எப்போதாவதுதான் போகும். சோதிக்கும்போது இருபது அடி கேட்டுவிட்டுச் சரி என்று விட்டிருப்பீர்கள். விளையாடுபவர் ஆயிரம் அடி நடப்பார்.

என் கருத்தைக் கேட்டால், காலடிக்கு 100 சென்ட் மேலும் கீழும் போதும், அதுவும் ஒரே படியில். ஒரே ஆள் நடக்கிறார் என்ற நம்பிக்கை கெடக்கூடாது, ஹாரர் கேமில் குறிப்பாக. வித்தியாசம் போதவில்லை என்றால் பிட்சை விரிக்காமல் ரேண்டம் கன்டெய்னரில் ஷஃபிள் தேர்ந்தெடுங்கள். பன்னிரண்டும் ஒரு சுற்று தீர்ந்த பிறகுதான் எதுவும் திரும்ப வரும்.

மரத்தரைப் பேய் விஷயம் வேறு வகை. எந்த பஸ்ஸுக்குப் போவது, இடஞ்சார்ந்த ஒலியா, எந்த அட்டெனுவேஷன் (தூரத்துக்கேற்ப ஒலி தேயும் வளைவு), எந்த எஃபெக்ட் போன்றவை கூட்டப்படுவதில்லை. பெற்றோரிடம் இருப்பது அப்படியே பிள்ளைக்கு வரும், பிள்ளையிடம் 'ஓவர்ரைடு பேரண்ட்' பெட்டியில் டிக் போட்டிருந்தால் ஒழிய. மற்ற நான்கு தரையும் தூரத்துக்கு ஏற்பத் தேய்கின்றன, மரம் மட்டும் தேயவில்லை என்றால், மர ரேண்டம் கன்டெய்னரின் பொசிஷனிங் டேபில் அந்த டிக் விழுந்திருக்க அதிக வாய்ப்பு. வேறெங்கோ மெனு ஒலிக்காகச் செய்த கன்டெய்னரை நகலெடுத்துக் கோப்புகளை மட்டும் மாற்றினால் இப்படி ஆகும். டிக்கை எடுத்துவிட்டால் மேலிருக்கும் அமைப்பு தானாக இறங்கும். கன்டெய்னரில் டிக் இல்லையென்றால் அதற்குள் இருக்கும் ஒலிகளையும் பாருங்கள்.

திருத்தும் வேலையைக் கீழிருந்து தொடங்குங்கள். அறுபது ஒலிகளையும் மொத்தமாகத் தேர்ந்து கன்ட்ரோல்-எம் அழுத்தினால் மல்டி எடிட்டர் திறக்கும். வால்யூம் 0, பிட்ச் 0, ராண்டமைசர் அணைப்பு என்று ஒரே வீச்சில் போடலாம். இப்போது சத்தம் 5 டெசிபெல் கூடும், பயப்படாதீர்கள். பிறகு மேலே ஏறி, ஒவ்வோர் எண்ணையும் பார்த்து இது யாருக்குச் சொந்தமானது என்று கேளுங்கள். காலடி எல்லாமே இசைக்கு அடங்கி இருக்க வேண்டும் என்றால் அது ஆக்டர்-மிக்சரின் எண். சரளை மட்டும் உரக்க இருந்தால் சரளைக் கன்டெய்னரின் எண். பதிவு செய்தபோது ஏழாவது கோப்பில் மட்டும் செருப்பு அழுந்தி விழுந்திருந்தால், அப்போதுதான் அந்த ஒற்றை ஒலியின் வால்யூமைத் தொட வேண்டும். இப்படி வைத்தால், பிறகு யாராவது 'காலடியை 2 டெசிபெல் குறை' என்று சொல்லும்போது ஒரே எண்ணை மாற்றிவிட்டு எழுந்து போகலாம். ஒன்று கவனியுங்கள்: அடுக்கைப் பிரிக்க நீங்கள் வெறும் ஃபோல்டர் பயன்படுத்தியிருந்தால் அதற்கு வால்யூமே கிடையாது. ஆக்டர்-மிக்சர்தான் பிராப்பர்ட்டியைக் கீழே கொடுக்கும்.

ஃபோனிலும் வெளியிடுவதாக இருந்தால், சின்ன ஸ்பீக்கருக்காக அறுபது ஒலிகளையும் நகலெடுத்து இன்னோர் அடுக்கு உருவாக்காதீர்கள். பிராப்பர்ட்டியை வலது கிளிக் செய்து அன்லிங்க் கொடுத்தால், அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் ஆண்ட்ராய்டில் வேறு மதிப்பு வைக்க முடியும்.

அட்டெனுவேஷன் வளைவைத் தொடும்போது மட்டும் நிதானம் தேவை. அது பொதுவாக ஷேர்செட்டாக இருக்கும், அதாவது ஒரே வளைவைப் பல ஒலிகள் பங்கிட்டுக்கொண்டிருக்கும். பேயின் காலடி 30 மீட்டரில் தேய்ந்துபோகட்டும் என்று வளைவை இழுத்தால், அதே ஷேர்செட்டில் தொங்கும் கதவுக் கிறீச்சும் 30 மீட்டரில் தேயும். மாற்றும் முன் அதை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் காலடிக்கென்று தனி ஷேர்செட் உருவாக்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் கேமில் பழைய சத்தமே வந்தால் கணக்கை மறுபடி சந்தேகிக்க வேண்டாம். வைஸ் கேமோடு இணைந்திருக்கும்வரை வால்யூம், பிட்ச் மாற்றங்கள் உடனே காதில் விழும். இணைப்பைத் துண்டித்துத் தனியாக ஓட்டினால் கேம் படிப்பது கடைசியாக உருவாக்கிய சவுண்ட்பேங்கைத்தான் (வைஸ் கேமுக்காகத் தயாரித்துக் கொடுக்கும் ஒலித் தொகுப்புக் கோப்பு). பிராஜெக்டைச் சேமிப்பதால் பேங்க் மாறாது. ஜெனரேட் கொடுத்து, புதிய பேங்க் கோப்புகள் யூனிட்டி தேடும் ஃபோல்டரில்தான் விழுகின்றனவா என்று கோப்பின் நேரத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.