டர்ன் பேஸ்டு கேம் என்றால் என்ன, வைரஸ் கதைக்கு அது ஏன் பொருந்துகிறது?

முறை வைத்து ஆடும் விளையாட்டு, அவ்வளவுதான். நீங்கள் நகர்த்தும் வரை திரையில் எதிரி அசைய மாட்டான், அப்புறம் அவன் முறை. பினாங்கில் கடை வாசலில் பெரியவர்கள் சோடா மூடிகளை வைத்து டாம் என்ற கட்டப் பலகை ஆட்டம் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் மூடியை நகர்த்தி விரலை எடுக்கும் வரை மற்றவர் தே தாரேக் பால் தேநீரை உறிஞ்சியபடி காத்திருப்பார், அதேதான் இதுவும்.

வைரஸுக்கு ஏன் பொருத்தம்? 2008இல் வந்த, உலகில் பரவும் நோய்களை ஆடுபவர்கள் சேர்ந்து தடுக்கும் பான்டெமிக் பலகை விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறைக்கு 4 செயல்கள்தான், முடிந்ததும் நோய் பரவும். ஒரு நகரத்தில் ஏற்கெனவே ஒரே நோயைக் குறிக்கும் 3 சின்னக் கட்டைகள் இருந்து நாலாவது வந்தால், அது பக்கத்து நகரங்கள் எல்லாவற்றுக்கும் தாவிவிடும், இப்படி 8 தடவை ஆனால் ஆட்டம் முடிந்தது. மருந்தைத் தேடுவதா, எரிகிற இடத்துக்கு இப்போதே ஓடுவதா? இந்தத் தவிப்புக்காகவே எனக்கு இந்த வகை ரொம்பப் பிடிக்கும். சிறு குழுவாக கேம் செய்கிறவர்களும் வேகமான அசைவுகளுக்குச் செலவழிக்காமல் விதிகளைச் செதுக்கலாம்.

நேரம் ஓடாததால் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, விரல் வேகம் வேண்டாமே தவிர, நோய் அடுத்து எங்கே தாவும் என்று முன்பே கணக்குப் போடாவிட்டால் தோல்விதான்.