நாடு கடத்தலால் பிரிந்த குடும்பங்களை எல்லைச் சுவரிலேயே வரைவது ஏன்?

நாடு கடத்தல் என்றால், குடியுரிமையோ அனுமதியோ இல்லாதவரை அரசு வெளியேற்றுவது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளை பொதுவாக அந்நாட்டுக் குடிமகன். ஆனால் அதை வைத்துத் தாய்க்கு உடனே அந்த உரிமை வந்துவிடாது. டிக்கெட் செல்லாது என்று தாயை நடுவழியில் இறக்கிவிட்டு, பிள்ளையோடு ரயில் கிளம்புவது போலத்தான்.

மெக்சிகோவின் திஹுவானாவில் எல்லைச் சுவரின் எஃகுத் தூண்கள் கடலுக்குள் இறங்குகின்றன. அங்கே லிஸ்பெத் டி லா குரூஸ் சான்டானா என்ற கலைஞர் 2019-இல் முன்னெடுத்த சுவரோவியத்தில், நாடு கடத்தலால் பாதிக்கப்பட்டவர்களின் பெரிய பெரிய முகங்கள் இருந்தன. கூடவே, டீக்கடையில் பணம் செலுத்த ஒட்டியிருக்குமே, அதே கியூஆர் குறியீடு. செல்பேசியைக் காட்டினால் அவரவர் கதையை அவரவரே சொன்னார்கள். பிரித்த சுவரையே பேச வைத்தது எனக்குப் பிடித்த யோசனை.

இவர்கள் நேற்று சுவரேறிக் குதித்தவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். குழந்தையாகவே அமெரிக்கா சென்று அங்கேயே வளர்ந்தவர்களும் இந்த முகங்களில் இருந்தார்கள்.