தேவகோட்டையிலிருந்து பெங்களூரு வொண்டர்லா: முதல் கோடைப் பயணம்

வணக்கம். ஏழு வயது மகன், மூன்று வயது மகள், அறுபத்தெட்டு வயது அப்பத்தா ஆகியோருடன் மே மாதம் பெங்களூருவை அடுத்த பிடதியிலுள்ள வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்லவிருப்பதாகவும், ஒரே நாளில் திரும்பிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், பூங்காவை ஒட்டியே 2012 முதல் அவர்களுடைய ரிசார்ட் இயங்குவதால், ஓர் இரவாவது அங்கே தங்குங்கள். அப்பத்தா மதியம் அறையில் படுத்து எழுந்தால்தான் நீங்களும் நிம்மதியாகச் சுற்ற முடியும்.

மதுரையில் மாலையில் ஏறினால் தூத்துக்குடி–மைசூரு விரைவு ரயில் காலையில் பெங்களூருவில் இறக்கிவிடும். முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே தொடங்குவதால், கோடையில் முதல் நாளிலேயே பதிந்துவிடுவது நல்லது.

புறப்படும் முன் பிள்ளைகளின் உயரத்தை வீட்டுச் சுவரில் அளந்துகொள்ளுங்கள். அங்கே வயதைவிட உயரமே கணக்கு: 85 செ.மீ.க்குக் குறைவானால் கட்டணம் இல்லை. ராட்டினங்களுக்கும் தனித்தனி உயர வரம்பு உண்டு என்பதை மகனிடம் இப்போதே சொல்லிவைத்தால், வாசலில் அழுகை குறையும். நீர் விளையாட்டுகளுக்குப் பருத்தி உடை ஏற்கப்படாது. நைலான் உடை எடுத்துச் செல்லுங்கள். வெளி உணவுக்கும் அனுமதியில்லை என்பதால், சீடையையும் கைமுறுக்கையும் ரயிலிலேயே தீர்த்துவிடுங்கள் (எங்கள் வீட்டு ஆச்சி கட்டித்தந்த ஒரு தூக்கு முழுவதும் அறையிலேயே கிடந்தது).

மே மாதப் பிற்பகல்களில் அங்கே இடிமழை வரக்கூடும். ஆகவே பெரிய ராட்டினங்களை முற்பகலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.