அனிமோன் நடந்தால் நடக்கட்டும்: மும்பை தொட்டிக்காரர்களுக்குச் சில பதில்கள்

பாடப்புத்தகத்தில் கடல் சாமந்தி. கடையில் கேட்டால் அனிமோன். பூப்போல விரியும் கடல் பிராணி. மாட்டுங்காவில் 12 வருடமாக உப்புத்தண்ணீர் தொட்டி வைத்திருப்பவன் என்ற தகுதியில், நம்மவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

செம்பூர்: சார், தொட்டி போட்டு ஒன்றரை மாதம். கோமாளி மீன் ஜோடி நன்றாக இருக்கிறது. மகள் அனிமோன் கேட்கிறாள். வாங்கலாமா?

அடுத்த தீபாவளிக்கு என்று சொல்லிவையுங்கள். தண்ணீர்ச் சோதனையில் அம்மோனியா, நைட்ரைட் என்ற கழிவு நச்சுகள் பூஜ்யம் காட்டினால் மீனுக்குப் போதும், அனிமோனுக்குப் போதாது. குறைந்தது 6 மாதம், முடிந்தால் ஒரு வருடம் தொட்டி ஓடியிருக்க வேண்டும். உப்பும் சூடும் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ள உங்களுக்கும் கை பழக வேண்டுமே. அனிமோன் இல்லையென்று கோமாளி மீன் ஏங்காது. கடலில் அனிமோன் அதற்கு ஒளிந்துகொள்ளும் இடம். உங்கள் ஹாலில் அதை யார் துரத்தப் போகிறார்கள்?

வாங்கும்போது பபுள் டிப் ரகம் வாங்குங்கள். கார்ப்பெட் ரகம் மீனையே பிடித்துத் தின்னும். கடல் வற்றும் நேரத்தில் ஹாஜி அலிப் பக்கம் பாறைக்குழிகளில் அதைப் பார்க்கலாம். பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், பெயர்த்து வராதீர்கள்.

தாராவி: வாசலில் கடல் இருக்கும்போது உப்புக்கு ஏன் காசு அண்ணே? ஜுஹுவில் இரண்டு கேன் பிடித்தால் ஆகாதா?

கரையில் எத்தனை நாலா, அதாவது சாக்கடைக் கால்வாய், வந்து கலக்கிறது என்று உங்களுக்குத் தெரியாததா? மழைக்காலத்தில் உப்பும் குறைந்துவிடும். ஆர்ஓ தண்ணீரில் கடல் உப்பைக் கலந்து, அடர்த்தி 1.025 வந்ததும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், சில கட்டடங்களில் செம்பும் வரும். செம்பு மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்து, அனிமோனுக்கு விஷம். அந்த மருந்தை வேறு தொட்டியில் வைத்துக் கொடுங்கள்.

சயான்: பாறையில் வைத்த இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. ராத்திரியோடு ராத்திரியாகக் கண்ணாடிக்குப் போய்விடுகிறது. பிடுங்கித் திருப்பி வைத்தாலும் நகர்கிறது.

முதலில் பிடுங்குவதை நிறுத்துங்கள். அதன் அடிப்பாகம் கிழிந்தால் பிழைப்பது கஷ்டம். வெளிச்சம், நீரோட்டம், அடிப்பாகத்தைச் செருகிக்கொள்ள ஒரு பொந்து, இந்த மூன்றையும் தேடித்தான் அலைகிறது. கிடைத்துவிட்டால் மாதக்கணக்கில் அசையாது. புதிதாக வந்தது சில நாள் நடப்பது சகஜம். பழையது திடீரென்று கிளம்பினால் தண்ணீரையும் லைட்டையும் சோதியுங்கள்.

நடக்கும் அனிமோனுக்கு எமன், தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் மோட்டாரான பவர்ஹெட்தான். ஒரு தடவை அதன் ஸ்பான்ஜ் உறையைக் கழுவக் கழற்றினேன், மாட்ட மறந்து தூங்கிவிட்டேன். காலையில் தொட்டி மோர் மாதிரி கிடந்தது. அனிமோன் அரைபட்டு, அந்தத் தண்ணீரில் மூன்று மீனும் மிதந்தன. அன்றிலிருந்து உறை இரண்டு செட் வைத்திருக்கிறேன். ஒன்றை மாட்டிய பிறகுதான் மற்றது கழுவப் போகும். பழக்கம் வர மூன்று மீன் செலவு.

முலுண்ட்: மே மாதம் தண்ணீர் 31 டிகிரி போகிறது. ஃபேன் போதுமா, சில்லர் வாங்கணுமா?

25 முதல் 27 வரை வைக்க வேண்டும். ஃபேன் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. நம்மூர் ஈரக்காற்றில் அது பெரிதாக எடுபடாது. சில்லர் விலை வயிற்றைக் கலக்கும், தெரியும். ஆனால் வேறு வழி இல்லை. ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு ஈடாக உப்புக் கலக்காத ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது, உள்ளேயே இருக்கும்.

வாஷி: பால் வெள்ளையில் ஒன்று பார்த்தேன். அரிய ரகம் என்கிறார் கடைக்காரர்.

பட்டினி கிடக்கும் ரகம். அனிமோனின் உடம்புக்குள் வாழும் நுண்பாசிதான் வெளிச்சத்தில் அதற்குச் சாப்பாடு செய்து தருகிறது. பாசி போனதால் வெளுத்திருக்கிறது. வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் லைட்டைக் குறைவாக வைத்து மெல்ல மெல்லக் கூட்டுங்கள். வாரம் இரண்டு முறை விரல்நகம் அளவு இறால் துண்டு கொடுங்கள்.

காட்கோபர்: இன்று காலை சுருங்கி, அழுகிய தக்காளி போலக் கிடக்கிறது அண்ணா. செத்துவிட்டதா?

கழிவை வெளியேற்றச் சுருங்கும், பல நேரம் சாயங்காலமே விரிந்துவிடும். அதற்குள் பதறி இடம் மாற்றாதீர்கள். வாய் பிளந்தபடியே இருந்து, பிடிப்பு விட்டு உருண்டு, சதை கரைந்து நாறினால் முடிந்தது. கையுறை போட்டு உடனே எடுத்துவிட்டு, அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மீனாவது பிழைக்கும்.