முதுநிலை மனநல மருத்துவம் படிப்பவர் உலக மனநலப் பயிற்சிக்குப் போனால் நம் ஊருக்கு என்ன பயன்?

பயன் உண்டு. உலக மனநலம் என்பது, வெவ்வேறு பண்பாட்டு மக்களுக்கும் மனநல மருத்துவர் இல்லாத இடங்களுக்கும் சிகிச்சையைக் கொண்டுசேர்ப்பது எப்படி என்று படிக்கும் துறை. நான் காரைக்குடிப் பக்கம், இங்கேயே மனநல மருத்துவம் பார்க்கிறேன். நீங்கள் எம்.டி. இரண்டாம் ஆண்டு என்கிறீர்கள். எனக்கும் அதே வருடத்தில்தான் இது உறைத்தது.

விடுமுறைக்கு வந்தபோது ஒரு முகாமில் உதவிக்கு உட்கார்ந்தேன். எழுபதைத் தாண்டிய ஓர் ஆச்சி வந்தார் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). பிள்ளைகள் சிங்கப்பூரில். அவ்வளவு பெரிய வீட்டில் அவர் ஒருவர்தான். என் கையில் மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் படிவம். ‘செயல்களில் ஆர்வமின்மை இருந்ததா?’ என்று வாசித்தேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி.” மதிப்பெண் குறைவாக வந்தது. சத்து மாத்திரை எழுதிவிட்டேன்.

எழுந்து நின்றவர், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னார்: “அடிவயித்துலேருந்து காந்துது தம்பி. பொழுது சாஞ்சா வளவுல விளக்குப் போடக்கூட கை வரமாட்டேங்குது.” மறுபடி உட்காரச் சொன்னேன். பிள்ளையார் நோன்புக்கு (நகரத்தார் ஒன்றுகூடி, மாவில் வைத்து ஏற்றிய திரி இழையை எடுத்துக்கொள்ளும் நோன்பு) இழை எடுத்துக்கொள்ளக்கூட அந்த வருடம் போகவில்லையாம். இங்கே ஓர் ஆச்சி அதைத் தவறவிட்டால் அது சாதாரண விஷயமில்லை. தெளிவான மனச்சோர்வு. என் படிவம் அதைத் தொடவே இல்லை.

பிறகு உலக மனநலப் பாடங்களைப் படித்தபோதுதான் பண்பாட்டு நேர்காணல் முறை தெரிந்தது. 2013-ல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலில் 16 கேள்விகளாக இருக்கிறது. ‘இந்தக் கஷ்டத்தை உங்கள் வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர்கள்?’ என்பது அதில் ஒன்று. அதை முதலில் கேட்டிருந்தால் ‘காந்துது’ முதல் நிமிடத்திலேயே வந்திருக்கும். கையில் மந்திரித்த கயிறு இருந்தாலும் இப்போது நான் அதட்டுவதில்லை. யார் கட்டினார்கள், கட்டியபின் எப்படி இருந்தது என்று கேட்கிறேன். பாதிக் கதை அதில் வந்துவிடும்.

அடுத்தது இன்னும் முக்கியம். பி.ஜி.யில் நமக்கு நோயாளியைப் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள்; இன்னொருவருக்குப் பார்க்கக் கற்றுத்தருவது எப்படி என்று சொல்லித் தருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் தொடங்கிய எம்.எச்.கேப் திட்டமே அதற்காகத்தான்: மனநல மருத்துவர் இல்லாத இடத்தில் சாதாரண டாக்டரும் நர்ஸும் மனச்சோர்வையும் வலிப்பையும் கண்டுபிடித்து சிகிச்சை தொடங்குவது. கோவாவில் சங்காத் அமைப்பு, மருத்துவப் படிப்பே இல்லாத உள்ளூர்க்காரர்களுக்கு ஆலோசனை சொல்லப் பயிற்சி கொடுத்து, அது பலன் தருவதை ஆய்விலேயே காட்டியது. ஆனால் பயிற்சி கொடுத்துவிட்டுப் போய்விட்டால் ஆறே மாதத்தில் எல்லாம் மறந்துபோகும். மாதாமாதம் கூட உட்கார்ந்து கேஸ் பேச ஆள் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் பழக வேண்டும்.

அதைப் பார்க்க விமானம் ஏற வேண்டாம். 2010-ல் சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. நோயாளி வண்டிக்குள் இருந்து சென்னை டாக்டரிடம் வீடியோவில் பேசுவார், மாத்திரை வண்டியிலேயே கிடைக்கும். செட்டிநாட்டின் ஒரு பகுதி அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி, மனநலம் பாதித்தவர்களைக் குணம் வேண்டி அழைத்துவரும் தர்கா உள்ள ஊர். 2001 ஆகஸ்ட் 6-ல் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் இறந்த இடம். அங்கே பின்னாளில் தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் நம் பக்கத்து மனநல டாக்டர் யாரும் படிப்பை முடிக்கக் கூடாது என்பது என் கருத்து.

வெளிநாட்டு வாய்ப்பு வந்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் மொழி தெரியாத ஊரில் இரண்டு வாரம் என்றால் யோசியுங்கள். நீங்கள் கிளம்பியபின் அந்த நோயாளிகளை யார் பார்ப்பார்கள் என்று விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். பதில் சரியாக வராவிட்டால் விட்டுவிடலாம்.

அதுவரை ஓ.பி.யில் ஒன்று செய்யுங்கள். கேஸ் ஷீட்டில் ‘மனச்சோர்வு’ என்று எழுதும் முன், நோயாளி சொன்ன சொல்லை அப்படியே தமிழில் எழுதுங்கள். அடுத்த முறை வரும்போது, “காந்தல் எப்படி இருக்கு ஆச்சி?” என்று கேட்கலாம்.