வாசகர் கேள்வி பதில்: குமணன் என்று பேர் வைக்கலாமா?

சென்ற இதழில் 'குமணன்' என்ற பெயரைப் பற்றி ஒரு வாசகி கேட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு இன்னும் சிலர் எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. திருவாதிரை முதல் பாதம், 'கு'வில் தொடங்கும் பெயராக இருக்க வேண்டும் என்கிறார்கள். என் மாமனார் 'குமணன்' என்று வைக்கச் சொல்கிறார். எங்கள் சொந்தத்தில் யாருக்கும் இல்லாத பெயர். இது எங்கிருந்து வந்தது? அர்த்தம் என்ன? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

உங்கள் மாமனாருக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லுங்கள் அம்மா. 'கு' என்றதும் குமார், குமரன், குணசேகரன், குகன் என்று போகாமல் குமணனிடம் போய் நின்றிருக்கிறாரே, நிச்சயம் நிறைய படித்தவராக இருப்பார்.

குமணன் சங்க காலத்துச் சிற்றரசன். முதிரம் என்ற மலையையும் அதைச் சுற்றிய நாட்டையும் ஆண்டவன். புறநானூற்றில் 158ஆம் பாட்டிலிருந்து 165 வரைக்கும் எட்டுப் பாட்டு அவனைச் சுற்றியே வருகிறது. பாடியவர்கள் இரண்டே பேர், பெருஞ்சித்திரனார், பெருந்தலைச் சாத்தனார். இரண்டு பேருமே வீட்டில் அடுப்பெரியாத புலவர்கள்.

பெருஞ்சித்திரனாரின் 160ஆம் பாட்டை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பசியில் அவர் பையன் வீட்டிலிருக்கும் பானைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறான், உள்ளே ஒன்றும் இல்லை, அழுகிறான். அம்மா புலி வருது என்று பயங்காட்டுகிறாள், நிலாவைக் காட்டுகிறாள், அழுகை நிற்கவில்லை. "அப்பா மேல் உனக்குக் கோபம் வந்தால் எப்படி முகத்தை வைத்துக்கொள்வாய், காட்டு பார்க்கலாம்" என்கிறாள். இதை அப்படியே அரசன் முன்னால் போய்ச் சொல்கிறார் மனிதர். குமணன் கொடுத்தான், அள்ளிக் கொடுத்தான். அதைக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்துவிட்டுப் புலவர் பாடியதுதான் 163. உன்னை விரும்பி இருக்கிறவர்களுக்குக் கொடு, சொந்தபந்தத்துக்குக் கொடு, நம் பசி தீரக் கடன் கொடுத்தவர்களுக்குக் கொடு, யாருக்கு எவருக்கு என்று பார்க்காதே, என்னிடமும் கேட்காதே, வைத்துப் பிழைப்போம் என்றும் நினைக்காதே, "எல்லோர்க்கும் கொடுமதி மனைகிழ வோயே" என்கிறார். இது எல்லாம் "பழந்தூங்கு முதிரத்துக் கிழவன் திருந்துவேற் குமணன் நல்கிய வளனே" என்று அந்தப் பாட்டு முடியும். வாங்கி வந்தவன் வீட்டிலிருந்தும் அது ஊருக்குப் போகிறது பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு இது.

அர்த்தம் கேட்டிருக்கிறீர்கள். பெயருக்கு ஒரு வரி அர்த்தம் வேண்டும் என்பது இப்போதைய பழக்கம், அதனால்தான் பெயர்ப் பட்டியல் போடுகிறவர்கள் எதையாவது எழுதி நிரப்புகிறார்கள். சங்கப் பாட்டு எதிலும் இந்தப் பெயருக்கு விளக்கம் கிடையாது. பாரி என்றால் எப்படி முல்லைக்குத் தேர் கொடுத்தவன் நினைவுக்கு வருகிறானோ, அப்படிக் குமணன் என்றால் தலையையே கொடுக்க வந்தவன். பையன் பெரியவனாகிக் கேட்டால் அந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கேள்வி: அவ்வளவு பெரிய வள்ளல் என்றால் பேர் ஏன் புழக்கத்தில் இல்லை? பாரி இருக்கிறார்கள், கபிலன் இருக்கிறார்கள், செங்குட்டுவன்கூட நம் தெருவில் இருக்கிறார். குமணனைக் காணோமே? (மதுரை வாசகர்)

முக்கியமான காரணம், அவன் கடையெழு வள்ளல்கள் பட்டியலில் இல்லை. சிறுபாணாற்றுப்படை சொல்லும் ஏழு பேர் பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி. பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்ததும் இதுதான். குமணன் அவர்களுக்குப் பிறகு வந்தவன். 158ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் அந்த ஏழு பேரையும் வரிசையாகச் சொல்லி, "எழுவர் மாய்ந்த பின்றை" இனி இரப்பவர் குறையை நீ தீர்ப்பாய் என்று நினைத்து வந்தேன் என்கிறார். பாட்டில் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது, ஆனால் பட்டியலில் இடமில்லாமல் போனது. சிறுபாணாற்றுப்படையின் தலைவனான நல்லியக்கோடனுக்கும் இதே கதிதான். அந்தப் பேரை எந்த வீட்டிலாவது கேட்டிருக்கிறீர்களா?

அப்புறம், இந்த மாதிரிப் பெயர்கள் வீடுகளுக்குள் வந்த வரலாறே ரொம்பப் பழையதல்ல. புறநானூற்றை உ.வே.சாமிநாதையர் அச்சிட்டது 1894இல். குமணன் கதை அதற்கு முன்பும் தனிப்பாடல் வழியாக ஓடிக்கொண்டிருந்தது என்றாலும், சங்கப் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கம் 1916ஐ ஒட்டி மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் பின்னால் திராவிட இயக்கமும் கொடுத்த வேகத்தில் பரவியது. மறைமலையடிகளே முன்பு வேதாசலம். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அந்த அலையில் மூவேந்தர் பெயர்களும் ஏழு வள்ளல் பெயர்களும் புலவர் பெயர்களும் தெருவுக்கு வந்தன. குமணனைப் பாடிய புலவரின் பெயரைக்கூட இருபதாம் நூற்றாண்டில் பாவலரேறு பெருஞ்சித்திரனார் எடுத்துக்கொண்டார், இயற்பெயர் இராசமாணிக்கம். பாடியவர் பெயர் ஊரெல்லாம் தெரிந்தது, பாடப்பட்டவன் பெயரை வைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இலங்கைத் தமிழர் மத்தியில் இன்றும் இந்தப் பெயரை அவ்வப்போது கேட்கலாம்.

போதாததற்குக் குமரன் பக்கத்திலேயே நிற்கிறான். முருகன் பெயர், வீட்டுக்கு ஒருவர். குமணன் என்று சொன்னாலும் கேட்பவர் காதில் குமரன் என்றுதான் விழும்.

கேள்வி: தம்பியே நாட்டைப் பிடுங்கிக்கொண்டு காட்டுக்கு விரட்டிய ராஜா பேரைக் குழந்தைக்கு வைப்பது ராசியில்லை என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. உங்கள் கருத்து? (சென்னை வாசகி)

எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. அரிச்சந்திரன் பட்ட பாட்டைவிடவா? ராமனே பதினாலு வருஷம் காட்டில் இருந்தவர்தானே, அந்தப் பெயரை யாராவது ஒதுக்கினோமா?

கதையை முழுசாகப் பார்க்கலாம். தம்பி இளங்குமணன் நாட்டை எடுத்துக்கொண்டான், குமணன் காட்டில் இருக்கிறான். விஷயம் தெரிந்தே பெருந்தலைச் சாத்தனார் காட்டுக்குப் போகிறார், ஏனென்றால் வீட்டில் சமைத்தே நாளாகி அடுப்பில் காளான் பூத்திருக்கிறது, பால் வற்றிய மார்பைச் சுவைத்துக் குழந்தை அழுகிறது (164ஆம் பாட்டு). கையில் ஒன்றுமில்லாத குமணன் தன் வாளை எடுத்து அவரிடம் நீட்டுகிறான், என் தலையை எடுத்துக்கொள் என்று. அந்த வாளோடு புலவர் நேரே தம்பியிடம் போய்ப் பாடியது 165. பாடி வந்தவன் சும்மா வாடிப் போவது "என் நாடுஇழந் ததனினும் நனிஇன் னாது" என்று உன் அண்ணன் சொன்னான், அவனிடம் தன்னைவிடச் சிறந்ததாக வேறொன்றும் இல்லாததால் தலையைத் தர வாள் தந்தான் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறார். அண்ணன் தலைக்குத் தம்பி விலை வைத்தது, "தலைதனைக் கொடுபோய்த் தம்பிகைக் கொடுத்து" விலையை வாங்கிக்கொள் என்று குமணன் சொன்னது, இவை பிற்காலத் தனிப்பாடலில் வருபவை. நம் தாத்தா பாட்டி சொன்னது பெரும்பாலும் அந்தக் கதைதான். இரண்டிலும் ஆள் ஒருவன்தான்.

நாடு கையில் இருக்கும்போது யானை கொடுத்தவர்கள் பலர். கொடுக்க ஒன்றும் இல்லாத நேரத்திலும் வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராத ஆளின் பெயர் இது. இதில் ராசி பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி: முதிரமலை எங்கள் ஊர்ப் பக்கம்தான் என்கிறார்களே? (உடுமலை வாசகர்)

ஆமாம், உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் குதிரைமலையைத்தான் முதிரம் என்று அடையாளம் சொல்வார்கள்.

கேள்வி: முடிவு செய்துவிட்டோம், குமணன்தான். பதியும்போது எதையாவது கவனிக்க வேண்டுமா? (மறுபடியும் ஈரோட்டு வாசகி, இந்த இதழ் தயாராகும்போது வந்தது)

ரொம்ப சந்தோஷம். மூன்று சுழி 'ண', அதை விடாதீர்கள், 'குமனன்' என்று எழுதிவிட்டால் அது வேறு ஏதோ பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது குமரனுக்கும் இதற்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், விவரம் ஏற்றுகிறவர் எழுத்துப்பிழை என்று நினைத்துத் தானே திருத்திவிட வாய்ப்பு உண்டு. அதனால் பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று இரண்டு மொழியிலும் படித்துப் பாருங்கள். அவசரமும் வேண்டாம், பிறந்த ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வழி இருக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போதும் இதே எழுத்துதானா என்று ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்து ஒரு தம்பி பிறந்தால் இளங்குமணன் என்று மட்டும் வைக்காதீர்கள்!