எஞ்சின் எப்போது வரும்?

கேள்வி: 62 வருஷம் பறந்த மிக்-21 போர் விமானத்துக்கு விடை கொடுத்தாகிவிட்டது. 42 ஸ்குவாட்ரன் (போர் விமானப் பிரிவு) இருக்க வேண்டிய இடத்தில் 29தான் மிச்சம். சீனாவோ ரேடாரில் எளிதில் சிக்காத ஐந்தாம் தலைமுறை விமானங்களை அடுக்கிக்கொண்டே போகிறது. ராணுவத்துக்கு இன்னும் இரண்டு லட்சம் கோடி ஒதுக்கி, வெளிநாட்டில் நல்ல விமானமாக நூறு வாங்கிப் போட்டால் மூன்றே வருஷத்தில் நிமிர்ந்துவிட மாட்டோமா? இது ட்ரோன் காலம். பழைய பீரங்கிகளைக் காயலான் கடைக்கு அனுப்பினால் என்ன?
— மன்னார்குடி வாசகர்

பதில்: மூன்று வருஷமா? உங்கள் நம்பிக்கைக்கு ஒரு கும்பிடு.

2007இல் 126 போர் விமானங்களுக்கு டெண்டர் விட்டோம். ஆறு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். லேயில் பறக்கவிட்டோம், ஜெய்சல்மேர் வெயிலில் பறக்கவிட்டோம். 2012இல் பிரான்ஸின் ரஃபேல்தான் என்று முடிவானது. அதற்கப்புறம் விலை பேசினோம், பேசினோம், பேசிக்கொண்டே இருந்தோம். 2015இல் 36 போதும் என்றானது. 2016 செப்டம்பரில் கையெழுத்து. முதல் ஐந்து விமானங்கள் அம்பாலா விமானப்படைத் தளத்தில் தரை தொட்டது 2020 ஜூலை 29. டெண்டர் விட்ட வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அதற்குள் ப்ளஸ் டூ முடித்துக் காலேஜுக்கே போயிருப்பான்.

பணம் பற்றிக் கேட்டீர்கள். 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி. அதில் பென்ஷனுக்கு மட்டும் 1.6 லட்சம் கோடி. ஆயுதம், கப்பல், விமானம் வாங்கும் மூலதனக் கணக்கு 1.8 லட்சம் கோடி. போதாது என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் 2024-25இல் இதே கணக்கில் 1.72 லட்சம் கோடி ஒதுக்கி, திருத்திய மதிப்பீட்டில் சுமார் 12,500 கோடியை வெட்டினார்கள். ஒப்பந்தம் ஆகாமலும் சரக்கு வந்து சேராமலும் கிடந்தால் பட்ஜெட் பணத்தை யாருக்குக் கொடுப்பது? பந்தியில் இலையே போடவில்லை, நீங்கள் இன்னொரு அண்டா சோறு வடிக்கச் சொல்கிறீர்கள்.

நாமே செய்யும் போர் விமானமான தேஜஸைப் பாருங்கள். சூலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அதன் சத்தம் பழக்கமானது. 1983இல் அனுமதி, 2001 ஜனவரியில் முதல் பறப்பு, 2016இல் முதல் ஸ்குவாட்ரன். 2021 பிப்ரவரியில் மேம்படுத்திய மார்க்-1ஏ ரகத்தில் 83க்கு ஆர்டர். முதல் விமானம் 2024 மார்ச்சில் வந்திருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய எஃப்-404 எஞ்சின்களில் முதலாவதே 2025 மார்ச்சில்தான் கிடைத்தது. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்குத் தண்ணீர் பீய்ச்சி மரியாதை செய்தார்களே, அதற்கு முதல் நாள் இன்னும் 97 மார்க்-1ஏவுக்கு 62,370 கோடியில் கையெழுத்துப் போட்டார்கள். முந்தைய 83இல் ஒன்றுகூட அன்றுவரை விமானப்படையின் கைக்கு வரவில்லை. குறித்த நாளில் முடிந்த திட்டம் ஒன்றுகூடத் தன் நினைவுக்கு வரவில்லை என்று விமானப்படைத் தளபதியே அதே ஆண்டு மே மாதம் தொழிலதிபர்கள் கூட்டத்தில் போட்டு உடைத்தார். சீருடையில் இருப்பவர் அப்படிப் பேசுவது நம் ஊர் வழக்கமில்லை. பொறுமை போயிருந்தால்தான் பேசுவார்.

நாமே எஞ்சின் செய்தால் என்ன என்பீர்கள். 1989இலேயே தேஜஸுக்காகக் காவேரி என்று பெயர் வைத்துத் தொடங்கினோம். ஜெட் எஞ்சினுக்குள் சுழலும் டர்பைன் இலை விரல் நீளம்தான். அதன்மேல் அடிக்கும் வாயுவின் சூடு, அந்த இலை எந்த உலோகத்தால் ஆனதோ அதன் உருகுநிலையையும் தாண்டும். உருகாமல் இருக்க இலைக்குள்ளேயே மெல்லிய துளைகள் விட்டுக் காற்றைச் செலுத்திக் குளிர்விக்கிறார்கள். இலை முழுவதையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள். இந்த வித்தை கைவந்த நாடுகளை விரல்விட்டு எண்ணலாம். கேட்டால் யாரும் எளிதில் சொல்லித் தரமாட்டார்கள். காவேரிக்குப் போதிய உந்துவிசை கிடைக்கவில்லை. 2008இல் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். தோற்றதற்காக விஞ்ஞானிகளை நான் குறை சொல்லமாட்டேன். தோற்ற பிறகு விடாமல் பணம் கொட்டி முயன்றோமா என்பதுதான் என் கேள்வி.

காயலான் கடை யோசனைக்கு வருகிறேன். 2025 மே மாதம் பாகிஸ்தான் ஒரே இரவில் 36 இடங்களை நோக்கி 300லிருந்து 400 ட்ரோன்கள் வரை அனுப்பியதாக அரசே சொன்னது. அவற்றைச் சுட்டதில் எல்-70 என்ற விமான எதிர்ப்புப் பீரங்கிக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்வீடனின் போஃபர்ஸ் வடிவமைத்தது, 1960களிலிருந்து நம்மிடம் இருப்பது. குழல் பழசு. ஆனால் புது ரேடாரும் இரவிலும் பார்க்கும் கருவிகளும் பொருத்தி, எங்கிருந்து எது வருகிறது என்று ஒரே திரையில் காட்டும் வலைப்பின்னலோடு இணைத்திருந்தார்கள். மலிவான ட்ரோனுக்குக் கோடி ரூபாய் ஏவுகணையைச் செலவழிக்காமல் குண்டுகளால் விழுத்தினார்கள். நீங்கள் சொன்னபடி எடைக்குப் போட்டிருந்தால் அன்றைக்குக் கையைப் பிசைந்திருப்போம்.

அதே போஃபர்ஸின் பெயர் எழுப்பிய பயம்தான் இன்னொரு கதை. 1986இல் அவர்களின் 155 மில்லிமீட்டர் பீரங்கி 410க்கு ஒப்பந்தம், மறு வருஷமே லஞ்சப் புகார். குற்றம் செய்தவர்களைத் தண்டித்தோமோ இல்லையோ, கையெழுத்துப் போடும் தைரியத்தைத் தண்டித்துவிட்டோம். அடுத்த 155 மில்லிமீட்டர் பீரங்கியைப் புதிதாக வாங்க 2016 ஆயிற்று. நடுவில் கார்கில் வந்து போனது. அங்கே மலையுச்சிகளை அடித்து நொறுக்கியது அந்த ஊழல் பீரங்கிதான்.

எதிரி நம் ஃபைலுக்காகக் காத்திருக்கமாட்டான். உக்ரைனில் ட்ரோனின் ரேடியோ அலையை ஒரு பக்கம் முடக்கியது. உடனே மறுபக்கம் பட்டத்துக்கு நூல் விடுவதுபோல, கட்டளை கடத்தும் கண்ணாடி இழையை மைல் கணக்கில் அவிழ்த்துக்கொண்டே போகும் ட்ரோனைக் கொண்டுவந்தது. ரேடியோ அலையைக் குழப்பி அதை முடக்க முடியாது. இந்த மாற்றமெல்லாம் மாதக் கணக்கில் நடந்தது. நம்மால் முடியாததில்லை. 2020இல் கல்வானில் சீனாவோடு நடந்த மோதலுக்குப் பிறகு அவசரக் கொள்முதல் என்று ஒரு ஒப்பந்தத்துக்கு 300 கோடி வரை படைகளே வாங்க அனுமதித்தபோது சாமான்கள் மளமளவென்று வந்தன. கழுத்தில் கத்தி இருந்தால் மட்டும் ஓடுகிற கால்கள் நமக்கு.

காசே தேவைப்படாத சீர்திருத்தமும் உண்டு. சீனா 2016இல் தன் ஏழு ராணுவ வட்டாரங்களைக் கலைத்து படைகளெல்லாம் ஒரே தளபதியின் கீழ் இயங்கும் ஐந்து கூட்டுக் கட்டளையகங்களாக்கியது. நம் எல்லையைப் பார்க்க அவர்களுக்கு ஒரே தளபதி. நமக்கோ அதே எல்லைக்குத் தரைப்படையில் உதம்பூர், லக்னோ, கொல்கத்தா என்று மூன்று தலைமையகங்கள். விமானப்படையில் டெல்லி, பிரயாக்ராஜ், ஷில்லாங் என்று இன்னும் மூன்று. இவற்றை ஒருங்கிணைக்கத்தான் 2020இல் முப்படைத் தலைமைத் தளபதி என்ற பதவியே வந்தது. கார்கிலுக்குப் பிறகு 2001இலேயே பரிந்துரைக்கப்பட்ட பதவி அது. முதல் தளபதி பிபின் ராவத் 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து கிளம்பி, குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அடுத்தவரை உட்காரவைத்தது 2022 செப்டம்பர் 30. ஒன்பது மாதத்துக்கு மேல் நாற்காலி காலி. அதற்கு எந்த நாட்டு எஞ்சின் வரக் காத்திருந்தோம்?